மழையில் இடம் பார்க்கப் போனவர்

தொலைபேசி அடித்தபோது நான் பசறைச் சந்தியில் ஒரு கடை வாசலில் குடையை மடித்துக்கொண்டு நின்றேன். பல நாட்களாக மழை விட்டபாடில்லை. திரையில் எங்கள் அலுவலகச் சாரதி குணபாலவின் பெயர். மழைக்காலத்தில் அவர் அழைத்தால் எங்கோ மண் சரிந்திருக்கும். எடுத்தவுடன் நான் கேட்டது, "எந்தத் தோட்டம்?" என்றுதான்.

"தோட்டம் இல்ல மிஸ். நம்ம கௌரி மிஸ்" என்றார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "எந்தப் பக்கம் போனாங்க? ரோடு மூடிருச்சா?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல்ல மிஸ். வீட்டிலதான் இருந்தாங்க. காலையில நெஞ்சு வலின்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முடியல்ல."

எந்த மலையும் சரியவில்லை என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான், கௌரி அக்கா இல்லை என்பது வந்தது. அவரிடமே இதைச் சொல்ல முடிந்திருந்தால், அந்த வரிசை சரியானதுதான் என்று அவர் சொல்லியிருப்பார்.

பொறியியலாளர் செல்வி கௌரி தம்பிராசா அவர்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்காகப் பதுளைக்கு வந்து, கடைசிவரை பதுளையிலேயே இருந்துவிட்டார். மறைந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. போரால் வடக்குக்கான பாதை பூட்டியிருப்பதால் அவருடைய மூத்த சகோதரியால் வரமுடியவில்லை. அந்த அம்மா தொலைபேசியில் அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்: "அவள் அங்க இவ்வளவு காலமும் என்ன பிள்ளை செய்தவள்? எப்ப கேட்டாலும் இடம் பாக்கிறன், இடம் பாக்கிறன் எண்டுதான் சொல்லுவாள்." தொலைபேசியில் அதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனி வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்; மக்களைக் கூட்டிப் பேசுவது என் வேலை. வீடு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வது அவருடைய வேலை. கேட்பவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தெரியும். வீட்டுக்குப் படம் வரைய ஆள் உண்டு, கட்ட மேசன் உண்டு, கூரை போட ஆள் உண்டு. இடத்தைக் காட்டுவதற்கு ஒரு பொறியியலாளர் எதற்கு என்று எங்கள் நிர்வாகக் கூட்டத்திலேயே கேட்டவர்கள் இருந்தார்கள்.

எங்களோடு சேர்வதற்கு முன் அவர் வேறொரு அலுவலகத்தில் இருந்தார். அங்கே இருந்தபோது, ஒரு தோட்டத்தில் மண் சரிந்து வீடுகள் மூடுண்ட இடத்துக்குச் சேத மதிப்பீடு எழுத அவரை அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார்களாம். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒருமுறை மட்டும், நாங்கள் வேறொரு தோட்டத்திலிருந்து இறங்கி வரும்போது, தானாகவே சொன்னார்: "மண்ணுக்குள்ள இருந்து ஒரு தகரம் நீட்டிக்கொண்டு நிண்டது. புத்தம் புதுத் தகரம். ஆரோ ஆசையாய் அப்பதான் போட்டிருக்கினம். அந்த வீட்டுக்கு எல்லாம் சரியாத்தான் செய்திருந்தவை. அத்திவாரம் நல்லம், சுவர் நல்லம். வச்ச இடம் மட்டும்தான் பிழை."

அதற்குப் பிறகு அவர் தட்டை நிலத்தில் பிறந்தவர் போல நடந்ததில்லை. எங்கே நின்றாலும் முதலில் மேலே பார்ப்பார். பிறகு கீழே பார்ப்பார். கோயிலுக்குப் போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதேதான். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, என் அம்மா தேநீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நிற்க, அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண் அணையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இடம் பார்ப்பதற்கு அவர் மழை நாட்களையே தேர்ந்தெடுத்தார். "வெயிலுக்க எல்லா இடமும் நல்ல இடம்தான்" என்பார். தோட்டத்து ஆட்கள் கொழுந்துப் பைகளை வெட்டித் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கும் நேரத்தில் இவர் மழைச் சட்டையோடு தேயிலைக்குள் ஏறுவார். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே காணாமல் போகிறது, எங்கே கலங்கி வெளியே வருகிறது என்று பார்ப்பார். மரங்களின் அடி வளைந்திருந்தால், மண் நகர்கிறது என்று அங்கேயே நின்றுவிடுவார். பெண்களிடம் போய், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், காலை வெயில் முதலில் எங்கே விழும், உடுப்பு எங்கே சீக்கிரம் காயும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போகிறார்கள் என்றெல்லாம் கேட்பார். காட்டை வெட்டி வீடு கட்டக்கூடாது, ஊற்றுக்கு மேலே மலகூடம் வரக்கூடாது, இயந்திரம் கொண்டு மலையை அரிந்து சமதரை ஆக்கக்கூடாது. இவை மூன்றிலும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த நாட்களில் இப்படி மலை மலையாக அளந்துகொண்டு திரிவது எளிதாக இருக்கவில்லை. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்த ஒருவர், மட்டக்கருவியும் முக்காலியும் மலையின் வரைபடமும் வைத்துக்கொண்டு தேயிலைக்குள் நின்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒருமுறை வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எங்களை நிறுத்தினார்கள். குணபால சிங்களத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவரையும் என்னையும் ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு, கௌரி அக்காவை உள்ளே அழைத்துப் போனார்கள். பின்னேரம்வரை வெளியே விடவில்லை. எங்கள் வாகனத்தைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள்.

வெளியே வந்தபோது அவரோடு ஓர் அதிகாரியும் வந்தார். இருவரும் ஏதோ தாளைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். மலையை ஏன் அளக்கிறாய் என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டாராம். கௌரி அக்கா மண்சரிவைப் பற்றி விளக்கிச் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகம் மாறியதாம். தன்னுடைய அம்மா இருக்கும் வீட்டுக்குப் பின்னால் போன வருடத்து மழையில் ஒரு வெடிப்பு வந்தது, அது ஆபத்தா என்று கடைசியில் அவரே கேட்டாராம்.

வாகனத்தில் ஏறிய பிறகு மழைச் சட்டையின் பொத்தானைக் கௌரி அக்காவால் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். அவர் மெதுவாக, "குணபால, வாற ஞாயிறு உங்களுக்கு வேலை இருக்கோ? அந்த ஆளின்ர அம்மாவின்ர வீட்டை ஒருக்காப் பாக்கவேணும்" என்றார். குணபால வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "மிஸ்ஸுக்குப் பயமே இல்லையா?" என்றார். "பயம்தான். அதுக்கு அந்த அம்மா என்ன செய்தவ?" என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை போனோம்.

இனிக் கல்லோடைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய வாழ்க்கையில் நடந்த பெரிய விடயம் அதுதான்.

மடுல்சீமைப் பக்கம் மேலே உள்ள தோட்டம் அது. பழைய லயம் ஒன்று, எந்த நேரமும் விழலாம் என்ற நிலையில் நின்றது. சுவர்களுக்கு மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே இருந்த குடும்பங்களுக்கு வீடு கட்ட வெளிநாட்டு உதவி கிடைத்தது. தோட்ட நிர்வாகமும் இடம் தர முன்வந்தது. இடம் என்றால் அப்படியொரு இடம்! மலையின் நடுவே, பாதையோரமாக, பாய் விரித்தது போலச் சமதரை. தேயிலை இல்லை, வெறும் புல். லொறி நேராக வந்து கல்லும் மணலும் இறக்கலாம். பார்த்தவுடன் எனக்கே அங்கு ஒரு வீடு கிடைத்தால் நல்லது என்று தோன்றியது. தோட்டத்துத் தொழிலாளர் தலைவர் பெருமாள் அண்ணன் அன்றைக்கே தேங்காய் உடைத்துவிட்டார்.

கௌரி அக்கா மழை வரட்டும் என்றார். மழை வந்ததும் போனோம். அவர் அந்தப் புல்வெளியில் நெடுநேரம் அங்குமிங்கும் நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு சரிவான மலையில இந்தச் சமதரை எப்பிடி வந்தது?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "தானா வராது. மேலயிருந்து ஒருக்கா மண் வந்து இறங்கிப் படுத்திருக்குது. எங்கட பாட்டன் பூட்டன் காலத்துக்கு முந்தியாய் இருக்கும். ஒருக்கா வந்தது திரும்ப வராது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார். மழை அவர் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

பிள்ளைக்காம்பராவில் கூட்டம் வைத்தோம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த அறையில், அன்று தொட்டில்களை ஓரம் கட்டிவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் வேண்டாம் என்று அவர் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எங்கப்பா காலத்துல இருந்து அங்க ஒரு கல்லுகூட உருளலிங்க" என்றார் பெருமாள் அண்ணன்.

லெச்சுமி என்று ஒரு பெண். கொழுந்து பறிப்பவர், லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவர். அவர் கைக்குழந்தையோடு எழுந்து நின்றார். "மிஸ், நீங்க சொல்ற எடம் என்னைக்கோ ஒரு நாளு விழும். விழாமயும் போவும். நாங்க இருக்கிற இந்த லயம் நாளைக்கே விழும். இது விழுந்து நாங்க செத்தா யாருங்க பொறுப்பு?"

"லயம் விழும்தான்" என்றார் கௌரி அக்கா. "ஆனா அந்த இடத்துக்குக் கையெழுத்து வைக்க என்னால ஏலாது."

அப்புறம் வந்த மாதங்கள் கடினமானவை. உதவி தந்தவர்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவோம் என்றார்கள். எங்கள் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்டது. அவர் மாற்று இடம் தேடித் தோட்டம் முழுவதும் ஏறி இறங்கினார். மழை தொடங்கினால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மேசையில் எழுதிக்கொண்டே இருப்பவர் எழுந்து போய் யன்னலில் நிற்பார். கல்லோடைக்கு அப்போது தொலைபேசி இல்லை. அந்தப் பக்கமிருந்து வரும் பேருந்தைப் பார்த்து, நடத்துநரிடம், "கல்லோடையில ஒண்டும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு வரும்படி குணபாலவை அனுப்புவார்.

ஒரு நாள் நடத்துநர் வேறு பதில் சொன்னார். லயத்துச் சுவர் விழுந்துவிட்டது. லெச்சுமியின் புருசனுக்குக் கால் உடைந்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

போக வேண்டாம், கோபமாக இருப்பார்கள் என்று கௌரி அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வார்டுக்கு வெளியே லெச்சுமி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கௌரி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குழந்தை அழுதபோது வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். லெச்சுமிதான் முதலில் பேசினார்.

"இப்பயாச்சும் அந்த எடத்துல கட்டித் தருவீங்களா மிஸ்?"

"இல்லை" என்றார் கௌரி அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. "வேற இடம் எடுத்துத் தருவன். இந்தப் பிள்ளை நடக்கத் தொடங்க முதல் தருவன்."

மாற்று இடத்தை அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். சமதரைக்கு வெகு தூரத்தில், மலையின் முதுகு போல நீண்டு இறங்கும் ஒரு முகடு. விளைச்சல் குறைந்த பழைய தேயிலை. கீழே பாறை இருந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் தானாக வடிந்தது. காட்டைத் தொடவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் தோட்ட நிர்வாகியான துரை அங்கே யூகலிப்டஸ் நட முடிவு செய்திருந்தார். கௌரி அக்கா அவரை மழையிலேயே சமதரைக்கு அழைத்துப் போய், மேலே இருந்த சரிவையும் புல்லுக்குள் ஊறி நின்ற தண்ணீரையும் காட்டினார். "மரத்தை இதில நடுங்கோ. இந்த இடத்துக்கு வீடு வேண்டாம், மரம்தான் வேணும். மனுசரை அங்க விடுங்கோ" என்றார். துரை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அலைந்து அலைந்து, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கடைசியில் அந்த முகடு கிடைத்தது; சமதரையை மரம் நடாமல் புல்லாகவே விட்டார்கள். லெச்சுமியின் மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது அத்திவாரம் வெட்டினோம்.

அந்த வீடுகளை நீங்கள் பார்க்க வேண்டும். மலையை வெட்டி வீட்டை வைக்கவில்லை. மலை எப்படி வளைகிறதோ அப்படியே வீடுகள் வளைந்து நிற்கும். முன்பக்கம் கல் தூண், பின்பக்கம் தரை. காலை வெயில் நேராக அடுப்படிக்கு வரும். கூரைத் தண்ணீர் பீப்பாய்க்கு வரும். ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, மேலே இருந்த மரங்களை அப்படியே விட்டார்கள். குறை சொல்லாமலும் இல்லை. பாதைக்கு நிறையப் படி ஏறி இறங்க வேண்டும். "மிஸ், கடையில உப்பு வாங்க மறந்துட்டா அன்னைக்கு உப்பில்லாக் கறிதான்" என்று லெச்சுமி அவரிடமே சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு சில வருடங்களில் பசுமைக் கட்டடம் என்ற சொல் எல்லோர் வாயிலும் வந்தது. பண்டாரவளையில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு அவரையும் அழைத்திருந்தார்கள். கூரையில் புல் வளர்த்த ஒரு ஹோட்டலின் படத்தைத் திரையில் காட்டினார்கள். மின்சாரம் சூரியனில், தண்ணீர் மழையில், எல்லாம் அழகு. கேள்வி நேரத்தில் இவர் எழுந்து, "அந்த இடத்தில முதல் என்ன இருந்தது?" என்று கேட்டார். "காடு" என்றார் பேசியவர், பெருமையாகவே. இவர் வேறு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும் வழியில், "கூரையில புல்லு முளைக்க வச்சவை. அதுக்காகக் காலுக்குக் கீழ எவ்வளவு மரத்தை வெட்டினவை எண்டு சொல்லேல்லை. பசுமை எண்டுறது இடத்தில தொடங்கவேணும். பிழையான இடத்தில எதைக் கட்டினாலும் அது பிழைதான்" என்றார்.

அவருடைய இடமே பிழையாகிப்போனதோ என்று நாங்கள் நடுங்கிய நாளும் வந்தது.

மழை கொட்டித் தீர்த்த ஒரு வருடம். அதற்குள் கைத்தொலைபேசி வந்துவிட்டது. பெருமாள் அண்ணன் காலையில் அழைத்தார். "மிஸ்ஸ கூட்டிக்கிட்டு வாங்க. ஓரத்து வீட்டுக்குப் பொறத்தால தரையில வெடிப்பு விட்டிருக்கு."

பாதையில் விழுந்திருந்த மண்ணை விலக்கி விலக்கி குணபால வண்டியை ஓட்டினார். போய்ப் பார்த்தால், முகட்டின் ஓரத்தில் இருந்த மூன்று வீடுகளுக்குப் பின்னால், பாம்பு ஊர்ந்த தடம் போல ஒரு வெடிப்பு. கௌரி அக்கா அதன் மேல் குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். விரல்கள் முழுவதும் உள்ளே போயின.

அங்கே சூழ்ந்து நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் உடன பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ. இந்த மூண்டு வீடு மட்டும் இல்லை, எல்லாரும். சாமானுக்கு நிக்கவேண்டாம்" என்றார்.

ஓரத்து வீடுகளில் ஒன்று லெச்சுமியுடையது. அவர் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "நீங்கதானே மிஸ் இந்த எடம் நல்லதுன்னு சொன்னீங்க?"

"ஓம், நான்தான் சொன்னனான். இப்ப எழும்பிப் போங்கோ எண்டும் நான்தான் சொல்லுறன். அண்டைக்கு என்னை நம்பேல்லை, கோவிச்சனீங்கள். இண்டைக்கும் கோவியுங்கோ. ஆனா போங்கோ."

லெச்சுமி உள்ளே போய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். நொண்டும் காலோடு அவருடைய புருசனும் பின்னால் வந்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் நடந்தார்கள்.

மழை சற்றுக் குறைந்ததும் கௌரி அக்கா பெருமாள் அண்ணனோடு மேலே ஏறினார். நானும் போனேன். வீடுகளுக்கு மேலே அந்த வருடம்தான் ஒரு புதிய பாதை வெட்டியிருந்தார்கள். அதன் வடிகாலை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் நடுவிலேயே விட்டிருந்தார்கள். பாதைத் தண்ணீர் அவ்வளவும் முகட்டின் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் மண்வெட்டியோடு வந்து அன்றைக்கே அதைத் திருப்பிவிட்டார்கள். வெடிப்பு அதற்கு மேல் விரியவில்லை.

எல்லோரும் மூச்சு விட்டோம். அவர் விடவில்லை. நிற்கிற மூன்று வீடுகளையும் கழற்றி, முகட்டின் நடுப்பகுதியில் திரும்பக் கட்ட வேண்டும் என்றார். எங்கள் அலுவலகம் திகைத்துப்போனது. விழாத வீட்டை யாராவது உடைப்பார்களா? தவறு வடிகாலில்தானே, இடத்தில் இல்லையே என்று நானும் சொன்னேன். "மேல ஆரும் ஒரு நாள் பாதை வெட்டுவினம் எண்டு நான் யோசிச்சிருக்கவேணும். இடம் எண்டா அந்தத் துண்டு நிலம் மட்டும் இல்லை. அதுக்கு மேல உள்ளதும்தான் இடம். நான் அதைப் பாக்கேல்லை" என்றார். இதையே மக்கள் முன்னாலும், நிர்வாகத்தின் முன்னாலும் ஒளிக்காமல் சொன்னார். கதவு, யன்னல், தகரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எல்லோரும் சேர்ந்து சுமந்தார்கள். லெச்சுமியின் வீட்டுக் கதவின் ஒரு முனையைக் கௌரி அக்கா பிடித்து வந்ததை நான் கண்டேன்.

அன்று திரும்பும் வழியில் நான் அவரிடம் நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அக்கா, அந்தச் சமதரை இன்னும் அப்படியே இருக்குதே. பொடியன்க அங்க கிரிக்கெட் விளையாடுறாங்க. அது கடைசி வரைக்கும் சரியாமலே போனா என்ன செய்வீங்க?"

அவர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். "அதைத்தானே நான் ஒவ்வொரு நாளும் கும்பிடுறன். கௌரி பைத்தியம், வீணாச் சனத்தை மேல ஏத்திப்போட்டாள் எண்டு எல்லாரும் சொல்லவேணும். நான் பிழையாப் போனா எவ்வளவு நல்லம், சொல்லுங்கோ."

அந்தச் சமதரை இன்றுவரை சரியவில்லை. மூன்று வீடுகள் நின்ற ஓரமும் விழவில்லை. அங்கே இப்போது மரவள்ளி நிற்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியாத ஒன்றுக்காக இத்தனை வருடம் பயந்துகொண்டே, அந்தப் பயத்தை விட்டு ஓடாமல் அதற்குள்ளேயே நின்று வேலை செய்தார். அவருடைய இதயம் இவ்வளவு சீக்கிரம் களைத்துப் போனதற்கு வைத்தியர்கள் வேறு காரணம் சொல்லலாம். நான் பார்த்த காரணம் இது.

இறுதிச் சடங்கு மழையிலேயே நடந்தது. கல்லோடையிலிருந்து ஆண்கள் மட்டும்தான் வந்திருந்தார்கள். பெண்களில் ஒருவரையும் காணவில்லை. லெச்சுமியாவது வராமல் விட்டாரே என்று எனக்குள் ஒரு வருத்தம். பெருமாள் அண்ணன் கொள்ளி வைத்தார். குணபால தலையில் குடை பிடிக்காமல் ஓரமாக நின்று அழுதார்.

மறுநாள் மழை இன்னும் பலத்தது. எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. குணபாலவிடம் சொன்னேன், அவரும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். கல்லோடைக்குப் போனோம். படிகளில் ஏறி வீடுகளின் பின்பக்கம் திரும்பினேன்.

அங்கே பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் மழைக்குக் கொங்காணிச் சாக்கு போட்டு, குனிந்து, வீடு வீடாகத் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி வடிகாலில் அடைத்திருந்த சருகைக் கையால் அள்ளி எறிந்தாள். இன்னொருத்தி ஒரு மரத்தின் அடியைத் தடவிப் பார்த்தாள். முன்னால் போன லெச்சுமி என்னைக் கண்டு நின்றார்.

"நேத்து நாங்க வரலன்னு கோவிச்சுக்காதீங்க மிஸ்" என்றார். "ஆம்பளைங்க எல்லாரும் எறங்கிட்டாங்க. இந்த மழையில இங்க பாக்க ஆளு வேணுமில்ல? அந்த மிஸ் இருந்திருந்தா, செத்த வீட்டுக்கு வராதீங்க, மலையப் பாருங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க." சொல்லிவிட்டு என் காலடியைப் பார்த்தார். "கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து நில்லுங்க. அங்க மண்ணு ஊறிக் கெடக்கு."

நான் நகர்ந்து நின்றேன். அவர்கள் என்னைக் கடந்து அடுத்த வீட்டின் பின்பக்கம் போனார்கள். மழைச் சத்தத்துக்குள் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பதில் சொல்லும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

போய்வாருங்கள், கௌரி அக்கா. இங்கே ஆள் நிற்கிறது.